நூற்றிப் பதினெட்டு நடை

உன் மைக்கின் சத்தத்துக்கு நான் வைத்திருந்த அளவு நாற்பத்தாறு. முந்தாநாள் மதியம் பழைய சிடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், அந்த எண் அப்படியே இருந்தது. பழைய பதிப்பில் செய்த கோப்பு, திறக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. திற என்றேன். நீலக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் கோடு, ஓரத்தில் ஸ்பீக்கர்களின் பெயர்கள். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நாம் இரண்டு பேரும் கட்டிய ஒலி அமைப்பு மட்டும், ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல் ஸ்பீக்கரும் இல்லாமல், திரைக்குள் பத்திரமாக இருக்கிறது.

அதைத் திறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின நாள் ஆந்திர எல்லையிலுள்ள தடாவிலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். உன் மகளைத் தன் தங்கை மகனுக்குப் பேசியிருக்கிறார்களாம். ஜாதகம் பார்த்தாயிற்று, பெண்ணைப் பிடித்துவிட்டது, விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பொண்ணு பத்தி ஒரு பேச்சும் இல்ல சார், தங்கம். அவங்க நைனா பத்திதான். குடிச்சே போனாருன்னு பேசிக்கிறாங்களே? நீங்க கூட்டாளி, உங்களுக்குத் தெரியாததா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஏனென்றால் அந்தப் பேச்சு புறப்பட்ட வாய் என்னுடையது. அது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

உனக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் மைக்செட் கடை, பக்கத்துக் கடையில் எனக்கு டிவி ரிப்பேர். ஐடிஐயில் ஒரே பெஞ்சு. நீ பெரியபாளையத்து ஆடி மாசத் திருவிழாவை நம்பிப் பிழைத்தாய், நான் ஊர்க்காரர்களின் படம் தெரியாத டிவிகளை நம்பிப் பிழைத்தேன். தொழிற்பேட்டையில் கம்பெனிகளெல்லாம் நல்ல ஒலி அமைப்பு கேட்க ஆரம்பித்த காலம் அது. சென்னையில் ஒரு வியாபாரி மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பெட்டியும் ஒரு சிடியும் தந்து அனுப்பினார். முன்பெல்லாம் தனித்தனியாக ஏழெட்டுக் கருவி வாங்கி ஒயரால் கட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டரில் படமாக வரைந்து அந்த ஒரே பெட்டிக்குள் இறக்கிவிடலாம். நான் மவுஸால் கோடு இழுப்பதை நீ பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இன்னாடா இது, ஒயரே இல்லாம ஒயர் இஸ்துக்கினு கீற?"

"பெட்டி வர்றதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் கட்டி ஓட்டிப் பாத்துக்கலாம்டா. மீட்டர் முள்ளு கூட ஆடும் பாரு."

"சத்தம்?"

"சத்தம் வராது."

"அப்போ இது சவுண்டு சர்வீஸ் இல்லடா, சவுண்டோட ஜாதகம்" என்றாய். அன்றைக்குத்தான் கூட்டாளி ஆனோம். கட்டம் வரைவது நான், ஏணி ஏறுவது நீ.

நீளமான ஷெட்டுக்கு என்ன சிக்கல் என்பதை உனக்குச் சொன்னபோது நீ ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டாய். எனக்கு அந்த மூன்று நாள் பயிற்சியிலும் அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது. மேடைக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் காற்றில் நடந்து வரவேண்டும். கோடியில் இருக்கிற ஸ்பீக்கருக்கோ ஒயரில் கணத்தில் போய்விடும். இரண்டும் சேர்ந்து காதில் விழவேண்டுமென்றால் கோடி ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்க வைக்கவேண்டும். எத்தனை அடி தூரமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி செகண்ட். தூரம் தப்பினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும்.

அந்தத் தூரத்தை அளக்க நீ டேப்பைத் தொடமாட்டாய். மைக்செட்காரர்களுக்கு அடியும் கிடையாது, மீட்டரும் கிடையாது, நடைதான். கோயில் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை இருநூறு நடை ஒயர், குளத்தங்கரை வரை எழுபது நடை ஒயர் என்றுதான் உங்கள் ஆட்கள் பேசிக்கொள்வார்கள். உன் கடை வாசல் சிமென்டில் இரண்டு ஆணி அடித்திருந்தாய். நடுவில் இருபத்தைந்து அடி, உனக்குச் சரியாகப் பத்து நடை. எவனாவது கிண்டல் செய்தால் கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டி, பத்தாவது நடையில் குதிகாலை ஆணிமேல் வைப்பாய். "டேப்பு தொய்யும்டா, காலு தொய்யாது" என்பாய்.

முதல் ஷெட்டில் மேடையிலிருந்து கடைசி வரிசைவரை தொண்ணூற்றாறு நடை என்று வந்து சொன்னாய். இருநூற்று நாற்பது அடி. நான் கணக்குப் போட்டு அந்தக் காத்திருப்பை, டிலேயை, வைத்தேன். பிறகு நீ மைக்கைப் பிடித்தாய். எல்லோரும் ஒன் டூ த்ரீ சொல்வார்கள், நீ ரயில் நிலையங்களைச் சொல்வாய். மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். உன் ஊர் வந்ததும் நிறுத்திவிடுவாய். நான் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து கேட்டேன். ஒரு நிலையம்கூட இரண்டாகக் கேட்கவில்லை. அன்றைக்கு நமக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

சிடியில் அந்த ஷெட்டின் கோப்பில் உன் மைக் அளவு முப்பது. அடுத்த கம்பெனியில் முப்பத்தாறு. அதற்கடுத்து நாற்பத்தொன்று. சுனாமி வந்த மறு வருஷம் செய்த வேலையில் நாற்பத்தாறு. உன் குரல் போதவில்லை என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன். கவரப்பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுகிறதென்று சொற்கள் தெளியக்கூடிய இடமாகப் பார்த்துத் திருகிவிட்டிருக்கிறேன். நீ அளவுகளை எழுதித் தருகிற தாளில் எழுத்து வரவர எறும்பு மாதிரி சிறுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். கெட்டிக்காரன்!

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு திருகு இருந்தது. நீ எங்கெங்கே குறைந்தாயோ அங்கங்கே அந்த மென்பொருளில் நான் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். தலையைத் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பிறகு இரண்டாவது ஷெட். அதே கம்பெனி, முதல் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே. இரண்டும் ஒரே வரைபடம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ஆனால் வரைபடத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாகக் கட்டிய கட்டடங்களை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் காகிதத்தை நம்புவதில்லை, உன் காலைத்தான் நம்புவோம். நீ நடந்தாய். அன்றைக்கு அதிக நேரம் எடுத்தது. நான் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. வந்து "நூத்திப் பதினெட்டு" என்றாய்.

"பக்கத்து ஷெட்டு தொண்ணூத்தாறுதானேடா?"

"இது பெருசு போலக்குது" என்றாய்.

இயந்திரம் ஒன்றும் இறக்காமல் காலியாகக் கிடந்த ஷெட், என் கண்ணுக்கும் பெரிதாகத்தான் தெரிந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றைந்து அடி என்று போட்டுவிட்டேன். மைக்கில் நான்தான் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன், அதுவும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று. ஷெட் முழுக்க நடந்து கேட்கச் சோம்பல். நீதான் அளந்துவிட்டாயே என்ற தைரியம்.

திறப்பு விழாவில் அதிகாரி பாதுகாப்பு உறுதிமொழி வாசித்தார். பின்பாதி ஷெட்டில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழுந்தது. பாதுகாப்பு பாதுகாப்பு, தலைக்கவசம் தலைக்கவசம். தொழிலாளிகள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு பொத்தாமலே சிரித்தார்கள். நான் கம்ப்யூட்டரில் பக்கத்து ஷெட்டின் எண்ணைப் போட்டேன், உடனே சரியாகிவிட்டது. இரண்டும் ஒரே நீளம். நீ இருபத்திரண்டு நடை கூடுதலாக எண்ணியிருக்கிறாய்.

விழா முடிந்து பந்தல்காரர்கள், எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் நிற்கும்போதே உன்னைப் பிடித்தேன். "எண்ணக்கூடத் தெரியாதாடா? காலங்காத்தால ஊத்திக்கினு வந்தியா?" என்று கத்தினேன்.

 உன் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. கோபம் இல்லை, வெட்கம் இல்லை, சுவரைப் பார்த்துக் கத்தியதுபோல் இருந்தது. திமிரைப் பார் என்று நினைத்தேன். கண்ணை ஒரு தடவை சிமிட்டியிருந்தால்கூட என் கோபம் இறங்கியிருக்கும். சிமிட்ட உன்னால் முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நீ ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து, குட்டிக்குட்டி அடியாக வைத்துப் போனாய். "பாரு, நிக்க முடியல அவனால" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் மைக்செட்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அங்கேயும் சொன்னேன். "காலைலயே தண்ணி. இல்லேன்னா ஒரு ஷெட்ட அளக்கறதுல இருபத்திரண்டு நடை தப்புமா?" உன் தொழிலில் நடை தப்புவது எவ்வளவு பெரிய கேவலம் என்று தெரிந்துதான் சொன்னேன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை குடித்துவிட்டு என் சட்டை முழுக்க வாந்தியெடுத்து, அதற்குப் பிறகு வாடையே ஆகாதவன் நீ. அதையும் தெரிந்தேதான் சொன்னேன். ஊர் சும்மா இருக்குமா? நீ தள்ளாடி நடப்பதையும் வாய் குழறுவதையும் எல்லோரும் பார்த்தார்கள். நான் சொன்னதற்கு நீயே ஊர்வலம் போய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஆடிக்குப் பெரியபாளையத்தில் உன் குழாய் ஸ்பீக்கர் ஒன்றுகூட ஏறவில்லை.

நான் லேசர் மீட்டர் வாங்கினேன். நீ வருவதை நிறுத்திவிட்டாய். ஒருநாள் முதல் ஷெட்டிலிருந்து கூப்பிட்டார்கள், கோப்பு அழிந்துவிட்டது, புதிதாக இறக்கவேண்டுமென்று. கடைசியாக உனக்காகச் செய்த மைக் அமைப்பை, உன் நாற்பத்தாறை, பெட்டியில் இறக்கிவிட்டு மைக்கில் நான் "ஹலோ" என்றேன். ஷெட் முழுக்க ஊளையிட்டது. காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். சாதாரண மனுஷன் பேசுகிற குரலுக்கு அந்த அளவு எங்கேயோ போயிருந்தது. யாரோ மைக்கை மாற்றியிருக்கிறார்கள் என்று அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு, குறைத்து வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் உறைக்கவில்லை எனக்கு.

எட்டு மாசம் கழித்து உன் மனைவி போன் செய்தாள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்களாம். நரம்பு வியாதி, மூளையில் ஏதோ ஒன்று சுரப்பது குறைந்துவிட்டது, அதனால் நடை சுருங்கும், குரல் இறங்கும், எழுத்து சிறுக்கும், முகம் இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் போனைக் காதில் வைத்தபடியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பாக்கத்துக்கு வந்தேன். கயிற்றுக் கட்டிலில் இருந்தாய். முகம் அப்படியே, ஆனால் வாய் பழைய வாய். "இன்னாடா, லேசர் வாங்கிக்கினியாமே? நல்லா நடக்குதா?" என்று கேட்டாய். மெல்லிய குரல், குனிந்து கேட்க வேண்டியிருந்தது. பிறகு தண்ணீர்ப் பானைவரைக்கும் எழுந்து நடந்தாய். பழக்கம், வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாய். பானையைத் தொட்டபோது பதினொன்று என்றாய். பத்தடி தூரம், நாலு நடை இருந்திருக்க வேண்டும். நானும் கூடவே எண்ணினேன். பதினொன்றேதான்.

நீ எண்ணியதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த ஷெட்டில் நீ வைத்தது உண்மையாகவே நூற்றிப் பதினெட்டு அடிகள். ஒவ்வொன்றையும் எத்தனை பாடுபட்டு வைத்திருப்பாய். அன்றைக்கே உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். உன் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மென்பொருளில் புதுப் பதிப்பு வந்திருக்கிறதென்று சொல்லிவிட்டு, ரயில் ஏறிவிட்டேன்.

அடுத்த தடவை கேட்கலாம் என்று பத்துப் பன்னிரண்டு தடவை வந்திருப்பேன். ஒரு தடவை நீயே ஆரம்பித்தாய். அப்போது உன் பேச்சு யாருக்கும் விளங்குவதில்லை, உன் மகள்தான் எடுத்துச் சொல்வாள். அவள் கல்லூரிக்குப் போயிருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னாய்.

"அந்த ஷெட்டு… நூத்திப் பதினெட்டுடா. நான் சரியாத்தான் எண்ணினேன்."

"விடுடா, அது பழைய கதை" என்றேன் நான்.

அன்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஆமாண்டா, சரியாத்தான் எண்ணின. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷ மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி நீ போய்விட்டாய். சாவுக்கு வந்திருந்த ஒரு மைக்செட்காரன், "குடி உடம்ப தின்னுடுச்சி, பாவம்" என்றான். பாடைக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

முந்தாநாள் அந்தச் சிடியைப் போட்டது இதற்காகத்தான். தடாக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, அதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுவது. இரண்டாவது ஷெட்டின் பழைய கோப்பில், கடைசி வரிசை டிலே கட்டத்தின் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் 'நடை தப்பு' என்று நான் அன்றைக்குக் கோபத்தில் தட்டியிருந்த குறிப்பு அப்படியே இருந்தது. அதை அழித்தேன். பெரிய சாதனைதான், போ.

நேற்று ஆரம்பாக்கம் போய் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடிப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்ணா. அவருக்கும் தெரியும்" என்றாள். பிறகு, "இப்போ அவங்க கிட்ட போய் இன்னா சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள். குடியில்லை, நரம்பு வியாதி, டாக்டர் சீட்டு இருக்கிறது என்று சொல்வேன் என்றேன்.

"வேணாம்ணா. குடிச்சாருன்னே சொல்லிடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. "குடிகாரன் பொண்ண கட்டிக்குவாங்க. நரம்பு வியாதிக்காரன் பொண்ண எவன்ணா கட்டுவான்? இவளுக்கும் வருமோ, பொறக்குற புள்ளைக்கு வருமோன்னு போய்டுவாங்க. வராதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. அத அவங்க நம்பணுமே? ரெண்டு எடம் இதுலயே தட்டிப்போச்சு. மூணாவது, இந்தத் தடா எடத்துக்கு நாங்களே குடின்னு சொல்லி வச்சோம்." முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "இத அவரே தான் சொல்லிட்டுப் போனாரு. எப்டியும் குடிகாரன்னு பேரு ஆய்ப்போச்சு, அதுவாவது பொண்ணுக்கு ஒதவட்டும்னாரு" என்றாள்.

உன் மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் தடாக்காரர் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், இந்தத் தடவை குடித்தார். "ஆமாங்க, குடிப்பான்" என்றேன். "தொழில்ல கெட்டிக்காரன், தங்கமான மனுஷன், குடிதான் கெடுத்துச்சு." என் குரல் நடுங்கவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அவ்ளோதானா? நாங்க வேற இன்னாமோ நோயின்னு பயந்துக்கினு இருந்தோம். குடி எந்த ஊட்ல இல்ல சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தை மாசம் முகூர்த்தம் வைக்கிறார்களாம்.

முதல் தடவை அந்தப் பொய்யைச் சொன்னபோது எனக்குக் கோபம் இருந்தது, உண்மை தெரியாது என்று ஒரு சாக்கும் இருந்தது. இந்தத் தடவை எல்லாம் தெரிந்து, நிதானமாக, டீக் குடித்துக்கொண்டே சொன்னேன். இனி அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. உன் பேரன் பேத்திகளிடம்கூட முடியாது. நீ சரியாகத்தான் எண்ணினாய் என்பது எனக்குத் தெரியும், ஆயுசுக்கும் எவனிடமும் அதைச் சொல்லக்கூடாது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.